டெக்சஸில் முதல் கைத்துப்பாக்கி: வீட்டுக்கும் இடுப்புக்கும் எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது

டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் புறநகர்களில் வீடு வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களில், தெருவில் ஒரு திருட்டு நடந்த மறுவாரம் ஒரு கேள்வி எழும்: "அண்ணா, நாமும் ஒரு துப்பாக்கி வாங்கிவிடலாமா? எது நல்லது?" இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல எல்லோரும் முந்திக்கொள்கிறார்கள். கடைக்காரர் ஒரு மாடலைச் சொல்வார், அலுவலக நண்பர் வேறொன்றைச் சொல்வார். முதல் கேள்விக்கு நின்று பதில் சொல்பவர்கள் குறைவு. புதியவர்கள் பலரைச் சுடுதளத்துக்கு அழைத்துச் சென்று, அவர்கள் வாங்கிய பின் வருந்தியதையும் பார்த்தவன் என்ற முறையில், துப்பாக்கியின் பெயரைக் கடைசியாக முடிவு செய்யுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியவை இருக்கின்றன. அவற்றைச் சரியாகத் தீர்த்துவிட்டால், கடையில் இருக்கும் நூறு கைத்துப்பாக்கிகளில் உங்களுக்குப் பொருந்துவது மூன்று நான்காகத் தானாகவே சுருங்கிவிடும்.

இங்கே எழுதுவதெல்லாம் டெக்சஸ் மாநிலத்தை வைத்து. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க் போன்ற மாநிலங்களில் மேகசின் எனப்படும் தோட்டாக் கூட்டின் கொள்ளளவு பத்துத் தோட்டாவுக்கு மேல் போகக் கூடாது என்பது தொடங்கிப் பல விதிகள் வேறு. அங்கே இருப்பவர்கள் கையளவு, பயிற்சி, பாதுகாப்பு பற்றிய பகுதிகளை எடுத்துக்கொண்டு, சட்டத்தைத் தங்கள் மாநிலத்தில் தனியாகப் பார்க்க வேண்டும்.

முதற்படி: உங்கள் விசா எது?

நம்மவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் இதைத்தான் யாரும் சொல்வதில்லை. எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அந்த விதிவிலக்கை நம்பிக் கடைக்குப் போவதற்கு முன், குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். "வைத்திருத்தல்" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் விரிந்த பொருள் உண்டு. சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியைப் பத்து நிமிடம் கையில் பிடிப்பதும் அதில் அடங்கும். தடை செய்யப்பட்டவர் வைத்திருந்தால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அதிகபட்சத் தண்டனை பதினைந்து ஆண்டுச் சிறை.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான் வாங்க முடியும். கடையில் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்புவீர்கள். கிரீன் கார்டுக்காரர்கள் தங்கள் ஏலியன் எண்ணையும் எழுத வேண்டும். அதை வைத்து எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். டெக்சஸில் காத்திருப்புக் காலம் இல்லை. அந்தப் படிவத்தின் ஒவ்வொரு கேள்வியும் பொய் சொன்னால் குற்றமாகும் கேள்வி. கஞ்சா பற்றிய கேள்வியும் அதில் உண்டு. பக்கத்து மாநிலத்தில் கடையில் விற்கிறார்களே என்பது மத்தியச் சட்டத்தின் முன் நிற்காது.

இன்னொரு நிலைமை நம் வீடுகளில் சாதாரணம்: மனைவிக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது, கணவர் இன்னும் எச்-1பியில் இருக்கிறார். மனைவி தன் பெயரில் வாங்கிக் கணவரிடம் கொடுத்தால், அது இன்னொருவருக்காகப் பொய்யாக வாங்கியதாகவும், கணவர் சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவும் இரண்டு தனிக் குற்றங்களாகும். மனைவி தனக்காகவே வாங்கினாலும் பெட்டியின் எண்ணோ சாவியோ கணவரிடம் இருக்கக் கூடாது. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு உள்ளவரைக்கூட நாடு கடத்த முடியும் என்பதால், இந்தக் குடும்பங்களுக்கு என் அறிவுரை எளிது: இருவருக்கும் கார்டு வரும் வரை பொறுத்திருங்கள்.

அடுத்தது, உங்கள் வீடு

நம் வீடுகளுக்கு எந்த ஆபத்து உண்மையில் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். தங்க நகைக்காகத் தெற்காசியர் வீடுகளைக் குறிவைக்கும் திருட்டுகள் பற்றி அமெரிக்காவின் பல ஊர்களில் காவல்துறை எச்சரித்திருக்கிறது. அந்தத் திருடர்கள் பெரும்பாலும் ஆளில்லாத வேளை பார்த்து வருபவர்கள். அப்போது உங்கள் துப்பாக்கி உங்களைக் காப்பாற்றாது. சரியாகப் பூட்டி வைக்காவிட்டால் நகையோடு சேர்ந்து அதுவும் போய்விடும். ஆகவே முதல் செலவு நகையை வங்கி லாக்கருக்கு மாற்றுவது. இரண்டாவது செலவு பத்து டாலர்கூட ஆகாது. முன்கதவின் தாழ் போய் விழும் இரும்புத் தகட்டை அவிழ்த்துப் பாருங்கள்: பல வீடுகளில் அது அரை அல்லது முக்கால் அங்குலத் திருகில், கதவுச் சட்டத்தின் மெல்லிய பலகையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு உதை போதும். அதைக் கழற்றிவிட்டு மூன்று அங்குலத் திருகு போட்டால், அது சட்டத்தைத் தாண்டிச் சுவரின் மரத்தூணைப் பற்றிக்கொள்ளும். இதைச் செய்யாத வீட்டில் துப்பாக்கி வாங்குவது, கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காவல்காரன் தேடுவதைப் போன்றது.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், படிப்பு அழுத்தத்தில் தவிக்கும் பதின்வயதுப் பிள்ளை இருந்தால், குடும்பத்துக்குள் கைநீளும் சண்டை இருந்தால், இப்போது வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் நிலைமை சீராகும் வரை வீட்டுக்கு வெளியே பாதுகாப்பாக வைக்க ஏற்பாடு செய்யுங்கள். மனநெருக்கடிக்கு 988 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். இது தமிழ் வீடுகளில் பேசப்படாத விஷயம் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்டியை முதலில் வாங்குங்கள்

துப்பாக்கி வீட்டுக்குள் நுழையும் நாளில் அதற்கான பெட்டி ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அலமாரியின் மேல்தட்டு, தலையணைக்கு அடியில், பூஜை அறைப் பெட்டிக்குள் என்று நாம் பத்திரமாக நினைக்கும் எந்த இடமும் பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் அல்ல. சுடத் தயாரான நிலையில் துப்பாக்கியைக் கவனமின்றி வைத்து, அது பதினேழு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குப் போனால் டெக்சஸில் குற்றம். படுக்கைக்குப் பக்கத்தில், தரையிலோ மேசையின் உள்பக்கத்திலோ திருகிப் பொருத்தக்கூடிய சிறிய இரும்புப் பெட்டி போதும். பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தித் திறக்கும் வகை எனக்குப் பிடித்தது. விரல்ரேகை வகை வாங்கினால் வியர்த்த விரலோடும், பாத்திரம் கழுவிய ஈர விரலோடும் பத்து முறை திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஐந்து வயதுக் குழந்தை நீங்கள் அழுத்தும் எண்ணை இரண்டே முறை பார்த்து மனப்பாடம் செய்துவிடும், ஆகையால் அவர்கள் முன்னால் திறக்க வேண்டாம்.

கைதான் அளவுகோல்

இனிதான் துப்பாக்கி. கைத்துப்பாக்கிகளில் இரண்டு பெரும் வகைகள்: உருளையில் ஐந்து அல்லது ஆறு தோட்டா கொள்ளும் ரிவால்வர்; கைப்பிடிக்குள் மேகசின் செருகி, சுட்ட ஒவ்வொரு முறையும் ஸ்லைடு என்னும் மேல்பாகம் பின்னால் போய் அடுத்த தோட்டாவை ஏற்றும் பிஸ்டல்.

"எனக்கு இயந்திரமெல்லாம் தெரியாது, ரிவால்வர்தான் சுலபம்" என்று புதியவர்கள் சொல்வதும், கடையில் சில பெண்களுக்குச் சின்ன ரிவால்வரை எடுத்து நீட்டுவதும் வழக்கம். இதை நான் ஏற்பதில்லை. ஸ்மித் அண்ட் வெஸன் 642 போன்ற குட்டை ரிவால்வர் சுமார் 400 கிராம்தான், ஐந்து தோட்டா. அதன் விசையை (டிரிக்கர்) இழுக்கப் பத்துப் பன்னிரண்டு பவுண்டு பலம் வேண்டும், இழுப்பும் நீளமானது. அந்த நீண்ட இழுப்பின்போது குழல் முனை அசையாமல் இருக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். குழல் குட்டையானதால் முன்குறியும் பின்குறியும் நெருங்கி இருக்கும். குறியில் வரும் சிறு பிழை இலக்கில் பெரும் பிழையாகிவிடும். எடை குறைவானதால் உதைப்பு முழுவதும் உள்ளங்கைக்கே வரும். இது கைதேர்ந்தவர்களின் ஆயுதம்.

சின்னப் பிஸ்டலுக்கும் இதே கணக்குத்தான். தோட்டா ஒன்றாக இருக்கும்போது துப்பாக்கி எந்த அளவுக்கு இலேசோ அந்த அளவுக்கு உதைப்பு அதிகம். ஏறக்குறைய 270 கிராம் எடையுள்ள ரூகர் எல்சிபி சட்டைப் பையில் மறைந்துவிடும். ஆனால் முதல் மேகசின் முடிவதற்குள் பலர் "போதும்" என்று கீழே வைத்துவிடுவார்கள். சுடப் பிடிக்காத துப்பாக்கியை யாரும் பயிற்சிக்கு எடுத்துப் போவதில்லை. என் வீட்டிலேயே நடந்தது இது. மனைவிக்கு என்று நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்தது சிறிய பிஸ்டல். கை சிறிது, ஆகவே துப்பாக்கியும் சிறிதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். முதல் நாளே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள தோல் சிவந்து, ஒவ்வொரு முறை சுடும் முன்னும் அவர் கண்களை இறுக மூட ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரம் நடுத்தர அளவுப் பிஸ்டலை வாடகைக்கு எடுத்து அதே ஏழு கஜத்தில் சுட்டபோது, பத்துத் தோட்டாவும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் விழுந்தன.

ஆகவே புதியவருக்கு நான் சொல்வது நடுத்தர அளவு, 9 மி.மீ. தோட்டா, பாலிமர் (கெட்டிப் பிளாஸ்டிக்) உடல் உள்ள பிஸ்டல். குளாக் 19 இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம்: நான்கு அங்குலக் குழல், பதினைந்து தோட்டா, மேகசின் இல்லாமல் ஏறக்குறைய 600 கிராம். ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி வரிசையிலும், வால்தர், சி.இசட் போன்ற நிறுவனங்களிலும் இதே அளவில் நல்லவை இருக்கின்றன. அதைவிடச் சற்று ஒல்லியாக வேண்டுமென்றால், 2018இல் வந்து இந்தச் சந்தையையே மாற்றிய சிக் பி365, குளாக் 43எக்ஸ், ஷீல்ட் பிளஸ், ஹெல்கேட் ஆகியவை பத்தோ அதற்குச் சற்று மேலோ தோட்டா கொண்டவை. இவற்றில் எது உயர்ந்தது என்று வாதிடுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். எல்லாமே நம்பகமானவை. உங்கள் கைக்கு எது பொருந்துகிறது என்பதுதான் கேள்வி, அதைக் கண்டுபிடிக்கும் முறை வருமாறு.

காலியாக இருப்பதைக் கடைக்காரரும் நீங்களும் இருவருமாகச் சரிபார்த்த பின், கைப்பிடியை முடிந்தவரை மேலே, ஸ்லைடுக்கு நெருக்கமாகப் பிடியுங்கள். குழலும் உங்கள் முன்கை எலும்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். விசையை எட்டுவதற்காகக் கையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்குப் பெரிது. ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி விசையின் மேல் படிய வேண்டும். விரல் நுனி மட்டும் எட்டினாலோ, விரல் மடிந்து மறுபக்கம் போனாலோ குறி விலகும். பல மாடல்களில் கைப்பிடியின் பின்பட்டையை மாற்றிப் பருமனைக் கூட்டலாம் குறைக்கலாம், கேட்டுப் பாருங்கள். பிறகு ஸ்லைடை இழுத்துப் பாருங்கள். விரல் நுனியால் கிள்ளி இழுக்காமல், முழு உள்ளங்கையால் மேலிருந்து பற்றிக்கொண்டு, துப்பாக்கியை உடலோடு ஒட்டி வைத்து, பிடித்த கையை முன்னால் தள்ளி மற்றக் கையைப் பின்னால் இழுங்கள். முடியாது என்று சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு இந்த முறையில் முடிந்துவிடுகிறது. மூட்டுவலி உள்ளவர்களுக்கும் ஊரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட பெரியவர்களுக்கும் அப்போதும் முடியாவிட்டால், ஷீல்ட் ஈசி என்று ஒரு மாடல் இருக்கிறது. அதன் ஸ்லைடு இலகுவாக வரும்படியே வடிவமைக்கப்பட்டது, எட்டுத் தோட்டா கொள்ளும். வீட்டில் இருவர் பயன்படுத்துவதாக இருந்தால் யாருடைய கை பலவீனமானதோ அவருடைய கைதான் அளவுகோல்.

கையில் பிடித்துப் பார்ப்பது பாதி வேலைதான். சுடுதளங்கள் பலவற்றில் வாடகைத் துப்பாக்கிகள் உண்டு. மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐம்பது தோட்டா சுட்டுவிட்டு வாங்குங்கள். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள்தான் ஆறு மாதத்தில் பாதி விலைக்கு விற்றுவிட்டு இரண்டாவது வாங்குகிறார்கள். காதுக்குப் பாதுகாப்பு, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். உள்ளரங்கத் தளமாக இருந்தால் காதுக்குள் நுரைச் செருகியும் அதன்மேல் மூடியும் என இரண்டு அடுக்கு அணியுங்கள். சுட்டு முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். தோட்டாப் புகையில் ஈயம் இருக்கிறது. கர்ப்பிணிகள் தளத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

பக்கவாட்டில் பாதுகாப்புப் பொத்தான் உள்ளதா இல்லாததா என்ற விவாதத்தில் எனக்குப் பிடிவாதம் இல்லை. உள்ளதை வாங்கினால் எடுக்கும்போதெல்லாம் கட்டைவிரலால் அதை இறக்கும் பழக்கம் தன்னிச்சையாக வரும்வரை பயிற்சி செய்யுங்கள். இல்லாததை வாங்கினால், துப்பாக்கியைச் செருகி இடுப்பில் அணியும் உறையின் தரத்தில் ஒரு டாலர்கூட மிச்சம் பிடிக்காதீர்கள்.

தோட்டாவும் அட்டைச் சுவரும்

9 மி.மீ. தோட்டா 1900களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஜார்ஜ் லூகர் வடிவமைத்தது. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரு அதிகாரிகளை இழந்த எஃப்பிஐ, அதன்பிறகு பெரிய தோட்டாக்களைத் தேடிப் போய், முதலில் 10 மி.மீ., பிறகு .40 (அங்குலக் கணக்கில் தோட்டாவின் விட்டம்) என்று மாறி, 2010களின் நடுவில் மறுபடியும் 9 மி.மீ.க்கே திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் தோட்டாவின் முனை வடிவமைப்பு முன்னேறியதும், உதைப்பு குறைந்தால் பெரும்பாலோர் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுவதும் அதற்குக் காரணங்கள். புதியவர் .45 பெரிதா .40 பெரிதா என்று குழம்பாமல் 9 மி.மீ.யோடு நிற்கலாம்; பயிற்சித் தோட்டா விலை குறைவு என்பது கூடுதல் லாபம்.

பயிற்சிக்குச் செப்பு உறையிட்ட உருண்டை முனைத் தோட்டா. வீட்டுக்கும் இடுப்புக்கும் முனையில் குழி உள்ள, உடலில் பட்டதும் விரிந்து வேகம் இழக்கும் தோட்டா. இந்த வேறுபாடு நமக்கு முக்கியமாவதற்குக் காரணம் அமெரிக்க வீட்டின் சுவர். நம் ஊரில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குள் வளர்ந்த நமக்குச் சுவர் என்றால் தடுப்பு. இங்கே உள்சுவர் என்பது மரத்தூண்களின் இருபுறமும் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் காற்று. எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவும் அப்படிப்பட்ட பல சுவர்களைத் துளைத்துப் போகும். குழிமுனைத் தோட்டாவும் பலகைத் தூள் முனையில் அடைத்துக்கொண்டு விரியாமல் போகக்கூடும். ஆகவே இன்றே உங்கள் படுக்கையறையில் நின்று, எந்தத் திசையில் பிள்ளைகளின் அறை இருக்கிறது, எந்தத் திசையில் அடுத்த வீடு இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் திசைகளில் சுட முடியாது என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டும்.

வாங்கிய துப்பாக்கியில் முதலில் இருநூறு பயிற்சித் தோட்டாவாவது சிக்கலின்றி ஓட வேண்டும்; பிறகு நீங்கள் வைத்துக்கொள்ளப் போகும் குழிமுனைத் தோட்டாவில் ஒரு பெட்டியைச் சுட்டுப் பார்த்த பின்பே அதை நம்புங்கள்.

உறை, இடுப்பு, உடை

வீட்டுக்கு மட்டும் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். பலருக்கு வீட்டோடு நிறுத்திக்கொள்வதே சரியான முடிவு என்பது என் எண்ணம்.

உடன் எடுத்துச் செல்வதாக இருந்தால், கைடெக்ஸ் போன்ற கெட்டியான பொருளில் உங்கள் மாடலுக்கென்றே அச்சிட்ட உறை வேண்டும். விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக் கூட்டை அது முழுவதும் மூட வேண்டும். துப்பாக்கியை உருவிய பிறகும் வாய் மூடிக்கொள்ளாமல் திறந்தே நிற்க வேண்டும். துணியாலான மலிவு உறை நாளடைவில் மடிந்து விசைக் கூட்டுக்குள் நுழையும். தற்செயலாகத் தோட்டா வெடிக்கும் விபத்துகளில் பல, உறைக்குள் திரும்பச் செருகும் நொடியில் நடப்பவை: சட்டையின் ஓரமோ, மேலுடையின் கயிற்று முனையோ உள்ளே மாட்டிக்கொண்டு விசையை அழுத்திவிடும். செருகும்போது குனிந்து பார்த்து, துணியை மறுகையால் விலக்கி, மெதுவாகச் செருகுங்கள். அவசரமாக உருவ வேண்டிய நிலை வரலாம். அவசரமாகச் செருக வேண்டிய நிலை ஒருபோதும் வராது.

உறை அளவுக்கே முக்கியம் இடுப்பு வார். சாதாரண வார் எடை தாங்காமல் தொங்கும். இதற்கென்றே தடிமனாகச் செய்தவை உண்டு. டெக்சஸ் கோடையில் ஒற்றைச் சட்டைக்குள் மறைக்க, சட்டை ஒரு அளவு பெரிதாகவும் கட்டம் போட்டதாகவும் இருந்தால் போதும். பக்கவாட்டில் வெட்டுள்ள குர்த்தா நடக்கும்போது விலகும். சேலைக்கும் வேட்டிக்கும் இது பொருந்தாது. அந்த நாட்களில் பெட்டியிலேயே இருக்கட்டும். கைப்பையில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை: பையைக் கீழே வைக்கிறோம், நாற்காலியில் மாட்டுகிறோம், பிள்ளைகள் மிட்டாய் தேடி உள்ளே கையை விடுகிறார்கள். பொதுக் கழிப்பறையில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து எதன்மேலும் வைக்காதீர்கள். அங்கேயே விட்டுவிட்டுப் போனவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது.

முதல் இரண்டு வாரம், தோட்டா இல்லாமல், வீட்டுக்குள் மட்டும் அணிந்து பழகுங்கள். உட்காருங்கள், குனிந்து காலணி மாட்டுங்கள், பாத்திரம் கழுவுங்கள், கார் இருக்கையில் பட்டை போட்டு அமருங்கள். எங்கே உறுத்துகிறது, எங்கே வெளியே தெரிகிறது என்று தெரிந்துவிடும்.

உரிமமும் பலகைகளும்

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில், சட்டத் தடை இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனாலும் உரிமம் எடுங்கள் என்றே சொல்வேன். நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, மூன்று, ஏழு, பதினைந்து கஜத்தில் ஐம்பது தோட்டா. 250க்கு 175 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. விண்ணப்பக் கட்டணம் 40 டாலர். வகுப்பில் எப்போது சுடலாம், எப்போது சுடக் கூடாது என்பதைச் சட்டப்படி கற்றுத் தருகிறார்கள். பல மாநிலங்கள் இந்த உரிமத்தை மதிக்கின்றன. பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: பள்ளியிலிருந்து ஆயிரம் அடி சுற்றளவுக்குள் துப்பாக்கியோடு செல்வதை மத்தியச் சட்டம் தடுக்கிறது, மாநில உரிமம் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது. அப்போதும் பள்ளிக் கட்டடத்துக்குள் போக முடியாது.

வாசலில் உள்ள பலகைகளைப் படிக்கப் பழகுங்கள். 30.05, 30.06, 30.07 என்ற எண்கள் உள்ள அறிவிப்புகள் அந்த இடத்தின் உரிமையாளர் விதித்த தடைகள். சிவப்பில் பெரிதாக 51 சதவீதம் என்று எழுதியிருந்தால் அது மது விற்பனையே முக்கிய வருமானமாக உள்ள இடம், உள்ளே எடுத்துச் செல்வது குற்றம். நீதிமன்றம், வாக்குச்சாவடி, விமான நிலையச் சோதனைப் பகுதி ஆகியவற்றுக்கும் தடை உண்டு. கோயிலுக்குப் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது என் பழக்கம். வழியில் காரில் விட நேர்ந்தால் இருக்கையின் அடியில் கம்பியால் பிணைத்த சிறு இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். கார்களிலிருந்துதான் மிகப் பல துப்பாக்கிகள் திருடு போகின்றன.

அந்த இரவில்

1992 அக்டோபரில் லூயிசியானாவின் பேட்டன் ரூஜில், யோஷிஹிரோ ஹட்டோரி என்ற பதினாறு வயது ஜப்பானிய மாணவர், ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் வீடு மாறி வேறொரு வீட்டின் மணியை அடித்தார். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து "ஃப்ரீஸ்" என்றார். "அசையாதே" என்ற பொருளில் அவர் சொன்ன அந்தச் சொல்லுக்கு மாணவர் நிற்கவில்லை. முன்னால் வந்தவர் சுடப்பட்டு இறந்தார். குற்ற வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார். உரிமையியல் வழக்கில் பெற்றோருக்கு 6,50,000 டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. வேற்று மொழி பேசி, வேற்று நாட்டு முகத்தோடு, தப்பான கதவைத் தட்டக்கூடியவர்கள் நாமும் நம் பிள்ளைகளும்தான். ஆகவே கையில் ஒரு நல்ல டார்ச் விளக்கு இல்லாமல் துப்பாக்கியை எடுக்காதீர்கள். துப்பாக்கியில் பொருத்திய விளக்கு மட்டும் போதாது, ஏனெனில் அதால் யாரைப் பார்த்தாலும் அவரை நோக்கித் துப்பாக்கியும் திரும்பியிருக்கும். நள்ளிரவில் தாமதமாக வீடு திரும்பும் மகனாக இருக்கலாம், தண்ணீர் குடிக்க எழுந்த மாமியாராக இருக்கலாம்.

வீட்டைச் சுற்றித் தேடிப் போக வேண்டாம். எல்லோரும் கூட வேண்டிய அறை எது என்று குடும்பத்தில் முன்பே பேசி வையுங்கள். கதவைத் தாழிட்டு, 911 அழைத்து, இணைப்பைத் துண்டிக்காமல், "போலீஸ் வருகிறார்கள், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுங்கள். காவலர்கள் உள்ளே வரும்போது துப்பாக்கி உங்கள் கையில் இருக்கக் கூடாது. அவர்களுக்கு நீங்களும் ஒரு அந்நியர்.

பயிற்சியைப் பொறுத்தவரை மாதம் ஒரு முறை தளத்தில் ஐம்பது தோட்டா, வாரம் இரு முறை வீட்டில் பத்து நிமிடம் தோட்டா இல்லாத பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்யும்போது தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. தோட்டா இல்லை என்று தெரிந்திருந்தாலும் இருப்பதாகவே நடத்துங்கள், அழிக்கத் துணியாத எதன் மீதும் குழலைக் காட்டாதீர்கள், குறி பார்த்து முடிவெடுக்கும் வரை விரலை விசைக்கு வெளியே நீட்டி வையுங்கள், இலக்கும் இலக்குக்குப் பின்னால் இருப்பதும் எது என்று அறியாமல் சுடாதீர்கள். உலகெங்கும் கற்றுத் தரப்படும் இந்த நான்கு விதிகளில் ஒன்று தவறினாலும் மற்றொன்று காப்பாற்றும் என்பதால்தான் நான்கையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஊருக்குப் போகும் முன்

2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பயணிகளிடம் பிடிபட்டன, பெரும்பாலானவை தோட்டாவோடு. மறந்துவிட்டேன் என்பதுதான் அநேகமாக எல்லோரும் சொல்லும் காரணம். நமக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒற்றைத் தோட்டா. இந்தியாவில் உரிமம் இன்றித் தோட்டா வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். பையின் மூலையில் தெரியாமல் கிடந்த ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் கைதாகி, பயணம் தவறி, வழக்குக்காக அலைந்தவர்கள் இருக்கிறார்கள். அறியாமல் கிடந்தது என்று உயர் நீதிமன்றம் பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது என்றாலும், அந்தத் தீர்ப்பு வரும் வரை அலைச்சல் உங்களுடையது. ஒரு கோடையில் சென்னைக்குப் பெட்டி கட்டும்போது, சுடுதளத்துக்கு எடுத்துப் போன முதுகுப்பையின் உள்மடிப்பில், தையலுக்கும் புறத்துணிக்கும் நடுவில், ஒரு 9 மி.மீ. தோட்டா என் விரலில் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து தளத்துக்கென்று சிவப்பு நிறத்தில் தனிப் பை. அது காரேஜைத் தாண்டி வீட்டுக்குள் வராது. பயணத்துக்கு முன் ஒவ்வொரு பையையும் கவிழ்த்து உதறி, மடிப்புகளை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் முதல் துணியை அடுக்குவோம்.